பாசிக்குப் போகாத நாள்

மண்டபம், பாம்பன் பக்கம் பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போடுவதாக இருந்தால் முதலில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது என்று பார்க்க வேண்டும். அந்த நாட்களை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். கடலில் பாசி எடுக்கிற அக்காமார் விடிவதற்குள் தீவுப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு முகாம் போட்டால் சர்க்கரை பார்க்க வந்த தாத்தாக்களோடு உட்கார்ந்திருக்கலாம். அப்புறம், மாதவிலக்கு நாட்களில் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க முடியாது. இரண்டையும் கழித்தால் ஒரு பெண்ணுக்கு மிஞ்சுகிற நாட்கள் கொஞ்சம்தான். எந்தச் சுற்றறிக்கையிலும் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ். காய்ச்சலுக்கோ பிரஷருக்கோ வருகிறவரிடம், "அக்கா, முப்பது தாண்டியாச்சுல்ல, இதையும் பாத்துட்டுப் போயிருங்க" என்று கெஞ்சித்தான் முன்பெல்லாம் இந்தப் பரிசோதனை நடந்தது. 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்போம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவோம். செலவு குறைவு, லேப் தேவையில்லை, பதிலை அங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் வெறும் அழற்சிக்கும் வெள்ளை காட்டும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடமே உள்ளே ஒதுங்கிவிடும்.

2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் புதுமுறை தொடங்கியது. 18 வயது நிறைந்த எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை, 30 வயது நிறைந்த பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் என்று, வீடு தேடிப் போய் அழைப்பது. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. எனக்கு இது பிடித்த மாற்றம். முன்பு ஒருத்தி தனியாக வந்தால் "இவளுக்கு என்ன வியாதியோ" என்று தெருவே பேசும். இப்போது தெருவுக்கே அழைப்பு போவதால் யாரும் யாரையும் காட்டிப் பேச முடியவில்லை. வேதாளையில் ஒரு லாத்தா, "நீங்க மட்டும்தானே பாப்பீங்க, ஆம்பள டாக்டர் வரமாட்டார்ல?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மதினிகளையும் கூட்டி வந்தார்.

வந்தவர்களிடம் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். வெள்ளைப்படுதலை "உப்புத் தண்ணியில நிக்கிறதால" என்கிறார்கள். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து ரத்தம் பட்டதை "உடம்புச் சூடு" என்கிறார் ஒருவர். அவரை முகாம் வரிசையிலேயே விட்டுவைக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். பாசிட்டிவ் என்று காதில் விழுந்ததும் அழுதுவிடுவார்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது, இருந்தாலும் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம் என்று சொல்லித் தேற்றுவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கிற கால்போஸ்கோபிக்கு ராமநாதபுரம் போக வேண்டும். பஸ் செலவு, ஒரு நாள் வருமானம், கூட வர ஓர் ஆள். ஆய்வுக் கூட்டத்தில் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் துரத்தித் துரத்தி நாங்களாகத்தான் தெரிந்துகொள்கிறோம்.

2021-ல் உலக சுகாதார நிறுவனம், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையையே முதல் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே தனியாக எடுத்துக்கொள்ளலாம், கருவி வைத்துப் பார்க்கிற கூச்சம் இருக்காது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்களிடம் இதைச் சொன்னபோது சந்தோஷப்பட்டார்கள். ஒருவர் மட்டும், "முடிவு போன்லதானே வரும் சிஸ்டர்? போன் அவருகிட்டல்ல இருக்கு" என்றார்.

அதனால் இப்போது பதிவேட்டில், முடிவை யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்கிறேன். சிலர் அம்மா வீட்டு எண் கொடுக்கிறார்கள், சிலர் "நேர்ல வந்து கேட்டுக்கறேன்" என்கிறார்கள். கால்போஸ்கோபிக்கு எங்கள் பக்கத்துப் பெண்களைப் பாசிக்குப் போகாத நாட்களில் மொத்தமாக ஒரே வண்டியில் அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டீசல் யார் கணக்கில் என்பதில் அது நின்றுகொண்டிருக்கிறது.