கோத்தகிரி குளிரில் ஆக்சிமீட்டர்

போன வாரம் காலையில், பக்கத்து லைனில் இருக்கும் அக்கா பதறி ஓடிவந்தார். மாமியாருக்கு நாலு நாளாகக் காய்ச்சலும் இருமலும். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டரை, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் கருவியை, விரலில் மாட்டியிருக்கிறார், 86 காட்டியிருக்கிறது. போய்ப் பார்த்தால் பாட்டி அப்போதுதான் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார், விரல் ஐஸ் மாதிரி இருந்தது. சால்வைக்குள் கையை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மாட்டினோம். 95. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கருவி விரலுக்குள் சிவப்பு வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தையும் அனுப்பி, துடிக்கும் ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. குளிரில் விரலின் ரத்தக் குழாயெல்லாம் சுருங்கி ரத்தம் குறைவாக ஓடினால் கணக்குத் தப்பும். நகப்பூச்சு இருந்தாலும் தப்பலாம்.

இன்னொன்று, நாம் இருக்கும் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே 94, 95 காட்டலாம். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் உறவுக்காரர் போனில் "எனக்கு 99 இருக்கே" என்று சொன்னதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதே சமயம், "மலையில அப்படித்தான் காட்டும்" என்று 90ஐ அலட்சியமாக விடவும் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போது நமக்கு எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்திருந்தால்தான், இறங்கியது தெரியும்.

கரி அடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிருக்காகக் கதவையெல்லாம் சாத்தி உள்ளே கரி மூட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, 97, 98 என்று நல்லபடியாகவே காட்டும். ஆள் மயங்கிப் போவார். தயவுசெய்து வேண்டாம்.

சாத்திய ஜன்னலுக்கும் கொரோனாவுக்கும்கூட சம்பந்தம் உண்டு. "பனி பட்டுச்சு, அதான் வந்துச்சு" என்று இன்றும் சொல்கிறார்கள். பனியால் வருவதில்லை, சார்ஸ் கோவ் 2 என்ற வைரஸால் வருகிறது. நோய் உள்ளவர் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த அறைக்குள் நெடுநேரம் மிதக்கும். நாம் ஒரே அறையில் ஆறு பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதுதான் அதற்கு வசதி.

சித்தப்பாவுக்கு 2021 மே மாதம் வந்தது. மூன்றாம் நாளே, ஒரு மருந்துக்கடையில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி வந்துவிட்டார். டாக்டரைப் பார்க்கவில்லை. சர்க்கரைக்காரர் வேறு. ரெண்டே நாளில் சர்க்கரை 350ஐத் தாண்டியது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்தச் சீட்டின் மேல்தான்.

ஏனென்றால் அந்த மருந்து கெட்ட மருந்து இல்லை. டெக்ஸாமெத்தசோன், விலை மலிவு. 2020 ஜூனில் கொரோனா நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு சொன்னது இதுதான்: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. முதல் வாரம் வைரஸ் பெருகும் நேரம், அப்போது ஸ்டீராய்டு போட்டால் அதை எதிர்க்கும் சக்தியைத்தான் அமுக்கும். அதற்கப்புறம் சிலருக்கு நம் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறி நுரையீரலை வீங்க வைக்கும், அப்போதுதான் அது உயிர் காக்கும். அந்த வருஷம் கருப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவர்களில் பலர் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள்.

எட்டாம் நாள் சித்தப்பா உட்கார்ந்திருக்கையில் 94. மூச்சு வாங்கவே இல்லை, டீ கேட்டார். வாசலில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி மாட்டினோம், 88. கையும் சூடாகத்தான் இருந்தது. உடனே வண்டி பிடித்தோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், அதே டெக்ஸாமெத்தசோன், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, சர்க்கரைக்கு இன்சுலின், பகலில் மணிக்கணக்காகக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பதினோரு நாளில் வீட்டுக்கு வந்தார்.

கபசுரக் குடிநீர் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அதைக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவதோடுதான் சண்டை. பெரும்பாலானவர்களுக்கு ஓய்வும் தண்ணீரும் பாராசிட்டமாலும் போதும். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் முதல் நாளிலேயே டாக்டரிடம் போய்விடுங்கள், வைரஸுக்கு எதிரான மாத்திரைகளை முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் பலன்.

எங்கள் வீட்டு காலண்டருக்குப் பின்னால் சித்தி பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், வருஷா வருஷம் புது காலண்டருக்கு மாற்றியும் எழுதுகிறார்: அம்மா 96, சித்தப்பா 94, நான் 97.