மருந்தளவும் மூளைக் கசிவும்: ஒரு கணினிக் கணக்கு

அல்சைமர் நோய்க்கான டோனனெமாப் மருந்து மூளையின் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளை அகற்றும்போது, இரத்த நுண்குழாய்ச் சுவர்களில் படிந்திருப்பதும் சேர்ந்து அகல்வதால் சுவர் தளர்ந்து நீர் கசிகிறது என்பதே பரவலான விளக்கம். எம்.ஆர்.ஐ. படத்தில் அது வெண்திட்டாகத் தெரியும். பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இராது.

இதைக் கணினியில் மாதிரியாக்குவோர் படிவு அகலும் வேகத்தையும் சுவர் சீராகும் வேகத்தையும் சமன்பாடுகளாக்கி, எவ்வளவில் தொடங்கினால் கசிவு குறையும் என்று ஆராயலாம். தொடக்க அளவின் முக்கியத்துவத்தை மருத்துவச் சோதனையே காட்டியிருக்கிறது: முதல் 3 தவணைகளிலும் 700 மில்லிகிராம் என்றிருந்ததை 350, 700, 1050 என ஏற்றியபோது (கூட்டிப் பாருங்கள், மொத்தம் அதே 2100 தான்), 24 வாரங்களில் இந்தக் கசிவால் மூளை வீக்கம் கண்டோர் சுமார் 24 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தனர். அல்சைமரோடு தொடர்புடைய ஏபிஓஇ4 என்ற மரபணு வகையின் இரு பிரதிகளை உடையோருக்கு இந்தக் கசிவின் ஆபத்து கூடுதல் என்பதால், சராசரி நோயாளிக்கென எழுதப்படும் மாதிரியை நான் நம்பமாட்டேன்.