யுவிகா: விண்ணப்பம் முதல் தும்பா வரை

2024 மே மாதம் என் மகள், பள்ளிப் பிள்ளைகளுக்கு விண்வெளி அறிவியல் சொல்லித்தரும் இஸ்ரோவின் யுவிகா கோடைப் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் போய் வந்தாள். எப்படி விண்ணப்பித்தோம் என்று இன்றும் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நாங்கள் தடுமாறிய இடங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பயிற்சியை இஸ்ரோ 2019-ல் தொடங்கியது. அந்தந்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டால் அவ்வளவுதான். எனக்கு விஷயம் தெரிந்ததே பிப்ரவரி கடைசியில், மகளின் அறிவியல் டீச்சர் சொல்லித்தான். மார்ச் 20 கடைசி நாள்.

நான் முதலில் பயந்தது இணையத்தில் நடக்கும் வினாடி வினாவுக்கு. பதிவு செய்து மின்னஞ்சலை உறுதிப்படுத்திய 48 மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். அதனால் பதிவைத் தள்ளிப்போட்டு, ராக்கெட், செயற்கைக்கோள் என்று பத்து நாள் அவளைப் படிக்க வைத்தேன். அப்புறம்தான் மதிப்பெண் பங்கீட்டை நிதானமாகப் பார்த்தேன். வினாடி வினாவுக்கு 10 சதவீதம்தான்! எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. பஞ்சாயத்துப் பகுதியில் இருக்கும் பள்ளி என்றால் 15. மீதி அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் அல்லது என்.சி.சி. போன்றவற்றுக்கு. இவள் படிப்பது கிராமத்து அரசுப் பள்ளி. ‘நம்ம பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கப்போகுது’ என்று வீட்டில் எல்லோரும் சொன்னபோது நானும் பாதி நம்பியிருந்தேன். அந்த 15-ஐப் பார்த்ததும் எனக்கே தைரியம் வந்தது.

உண்மையான பாடு சான்றிதழ்களில்தான். மாவட்டக் கண்காட்சிச் சான்றிதழ் பெட்டிக்கு அடியில் கிடைத்தது; அதில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருந்தது, பள்ளிப் பதிவேட்டில் பின்னால். இரண்டும் ஒரே மாணவிதான் என்று தலைமை ஆசிரியரிடம் கடிதம் வாங்கினோம். சாரணியர் சான்றிதழ் கிடைக்கவே இல்லை, அந்த மதிப்பெண் போனது போனதுதான். விண்ணப்பத்தை அச்செடுத்து, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டிய நேரத்தில் அவர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டார். கடைசி நாள் மாலைதான் வேலை முடிந்தது. எட்டாம் வகுப்பில் பிள்ளை இருப்பவர்கள் இன்றைக்கே சான்றிதழ்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு, பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டாம். சேரும் நாளில் அசலைச் சரிபார்க்கிறார்கள்.

தேர்வானவர்களின் முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஒரு வாரம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாவது பட்டியலில் வந்தது.

தங்குமிடம், சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் இஸ்ரோ செலவு. கொண்டுபோய் விடும் பெற்றோருக்கும் பயணச் செலவு உண்டு. எங்களுக்கு இது பெரிய விஷயம்.

பயிற்சி மே 13 முதல் 24 வரை. நாடு முழுவதிலிருந்தும் வந்த பிள்ளைகள். இவளுக்கு ஆங்கிலம் புரியும், பேசத்தான் தயக்கம். முதல் இரண்டு இரவும் போனில் அழுகை. திரும்பக் கூட்டி வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள் போன் வரவில்லை. பதறிப்போய் நானே கூப்பிட்டால், அறைத்தோழிகளோடு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அழைத்துவரப் போனேன். ரயில் ஏறியதிலிருந்து, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைப் பற்றியே பேச்சு. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது அந்தக் கடற்கரையிலிருந்துதான். அன்று அலுவலகமாக இருந்த பழைய தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். அவள் மனதில் நின்றது அங்கே பார்த்த ஒரு பழைய புகைப்படம்.

“அப்பா, ராக்கெட்டோட மூக்கை சைக்கிள்ல வச்சுத்தான் தள்ளிட்டுப் போயிருக்காங்க. நான் ஸ்கூலுக்குப் போற மாதிரி சைக்கிள்தான்ப்பா.”