போகவா, இருக்கவா: தண்டாவில் இருந்து நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 10, திங்கள்

நான் ஊழியம் செய்ற மிஷனரி சங்கத்துல இருந்து லெட்டர் வந்துருக்கு. ஜூன்ல இருந்து பாளையங்கோட்டை ஆபீசுக்கு வந்துடுங்க, சபை சபையா போயி பணித்தளத்தப் பத்திச் சொல்லி புது மிஷனரிகள எழுப்புறதுக்கு ஒரு ஆள் வேணும்னு கேட்டுருக்காங்க. உத்தரவா போடல, ஜெபிச்சுப் பதில் சொல்லுங்கன்னுதான் எழுதிருக்காங்க. வீட்டுல காட்டுனேன், அவ படிச்சிட்டு மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுட்டா, ஒண்ணும் சொல்லல.

மக அங்க ஹாஸ்டல்ல இருந்து பத்தாவது எழுதப் போறா, அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல, போன் பண்ணும்போதெல்லாம் "எய்யா, எப்ப வருவ"ங்கிற கேள்விதான். இதெல்லாம் சேத்துப் பாத்தா கர்த்தரே கதவத் திறந்துட்டாருன்னு யாரும் சொல்லிடுவாங்க, விஷயம் தெரிஞ்ச சொந்தக்காரங்க சொல்லவும் செஞ்சாங்க. எனக்குத்தான் உள்ளுக்குள்ள சமாதானம் வரல.

பிப்ரவரி 12, புதன்

இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்ச நாள் இன்னைக்கு. 1903 பிப்ரவரி 12, திருநெல்வேலி கிறிஸ்தவங்க எங்க காசுல எங்க ஆளுங்கள நாங்களே அனுப்புவோம்னு எழுந்திருச்ச நாள். அதுக்குப் பின்னால நின்னவர்ல முக்கியமானவர் வெள்ளாளன்விளையில பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, அப்ப ஒய்.எம்.சி.ஏ.ல செயலாளரா இருந்தாரு, 1902ல யாழ்ப்பாணம் போனவரு அங்க உள்ள தமிழ்க் கிறிஸ்தவங்க தாங்களே மிஷன் வேலையத் தாங்குறதப் பாத்துட்டு வந்து, நம்ம ஜனம் மட்டும் ஏன் சும்மா இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சவரு.

சங்கம் தெரிஞ்செடுத்த தளம் நிஜாம் ராஜ்யத்துல இருந்த தோர்ணக்கல் பகுதி, இப்ப தெலங்கானா. நான் இருக்கிற தண்டாவுல இருந்து பஸ்ல போற தூரந்தான் (லம்பாடி ஜனங்க குடியிருப்ப இங்க தண்டாம்பாங்க). செயலாளரா இருந்து மத்தவங்களப் போங்க போங்கன்னு கூப்பிட்ட அசரியாவால அந்த நாற்காலியிலயே இருக்க முடியல. 1909ல குருப்பட்டம் வாங்கிட்டு தானே தோர்ணக்கலுக்குப் போயிட்டாரு, கூடாரத்துல தங்கி, தெலுங்கு கத்து, கிராமம் கிராமமா நடந்தாரு.

அவரு ஆபீஸ விட்டுத் தளத்துக்கு வந்தாரு, என்னத் தளத்த விட்டு ஆபீசுக்குக் கூப்பிடுறாங்க. ராத்திரி பூரா இதே நினைப்பு. ஆனா ஒருத்தருக்கு வந்த நடத்துதல் இன்னொருத்தருக்குச் சட்டம் ஆயிடாது, ஆபீசுல உக்காந்து உண்மையா ஊழியம் செய்ற அண்ணன்மார எனக்கே தெரியும், அவங்க இல்லாட்டி தளத்துல எங்களுக்கு மாசம் பிறந்தா சப்போர்ட் வராது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சதும் பஸ் ஏறி தோர்ணக்கல் போனேன். எபிபெனி கதீட்ரல்ல மத்தியானம் ஆளே இல்ல. 1939 ஜனவரி 6ல பிரதிஷ்டை பண்ணுன கோவில், கும்மட்டம் பள்ளிவாசல் மாதிரி, தூணெல்லாம் நம்மூரு கோவில் மண்டபத் தூணு மாதிரி, உள்ள நடுவுல சிலுவை. இந்த ஊரு மண்ணுல முளைச்ச சபையா இருக்கணும்னு அசரியா எவ்வளவு ஆசப்பட்டாருன்னு அந்தக் கல்லப் பாத்தாலே தெரியும்.

தூணுல சாஞ்சு உக்காந்து ஜெபிச்சேன். ஞானஸ்நானம் எடுக்க வர்றவங்களத் தங்க தலைமேல தாங்களே கைய வச்சு, சுவிசேஷத்தைச் சொல்லாட்டா எனக்கு ஐயோன்னு பவுலோட வார்த்தையச் சொல்ல வைப்பாராம் அசரியா. எழுத்தே தெரியாத கூலிக்காரங்களும் அப்படிச் சொல்லித்தான் தண்ணியில இறங்கிருக்காங்க. நானும் தலைமேல கைய வச்சுப் பாத்தேன். வாய் திறக்குமுன்னால அழுகதான் வந்துச்சு. எங்கன்னு தெரியல ஆண்டவரே, ஆனா எங்கயோ ஒரு இடத்துல சொல்லாம என்னால இருக்க முடியாதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மிளகாப் பறிப்பு நடக்குது. விசுவாசி குடும்பம் ஒண்ணோட காட்டுல களத்துல காயப்போட்ட வத்தலப் புரட்டிவிடப் போனேன், ஏக்கர் கணக்குல செவப்பு, துண்டக் கட்டிக்கிட்டாலும் தொண்டையில ஏறி இருமிக்கிட்டே இருக்கணும், கைய மறந்து கண்ணுல வச்சா அன்னைக்கு முழுக்க அவ்வளவுதான். இந்த வருஷம் விலை விழுந்துபோச்சு. கம்மம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனா மூட்டைக்கூலி கட்டுமான்னு கவலப்படுறாங்க. அந்த வீட்டுக்காரம்மா வத்தல ஒரு படி தனியா அள்ளி ஒரு பைக்குள்ள போட்டாங்க, என்னன்னு கேட்டேன், கர்த்தருடைய பங்கு ஐயகாரு (இங்க போதகர அப்படித்தான் கூப்பிடுவாங்க), விலை விழுந்தா அவருக்குக் குறைக்க முடியுமான்னாங்க. நான் ஒண்ணும் பேசல, புரட்டிக்கிட்டே இருந்தேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

உபவாசம். அப்போஸ்தலர் 16 எடுத்துக்கிட்டேன். பவுல் ஆசியாவுல வசனம் சொல்லக்கூடாதுன்னு பரிசுத்த ஆவியானவர் தடுக்குறாரு, சரி பித்தினியாவுக்குப் போலாம்னா அங்கயும் விடல. எங்க போகணும்னு ஒரு வார்த்தையும் இல்ல, ரெண்டு தரமும் போகாதேன்னு மட்டுந்தான். அப்படியும் அவரு வீட்டுக்குத் திரும்பல, நடந்துக்கிட்டே துரோவா வரைக்கும் வந்துட்டாரு, அங்கதான் மக்கெதோனியாவுக்கு வான்னு ராத்திரி தரிசனம்.

அதே துரோவாவப் பத்தி 2 கொரிந்தியர் 2ல எழுதும்போது, கர்த்தரால அங்க கதவு திறந்துருந்துச்சு, ஆனாலும் கூட ஊழியம் செஞ்ச தீத்துவக் காணாததால ஆவியில அமைதல் இல்லாம கிளம்பிட்டேங்கிறாரு. இத நம்ம மேடைகள்ல யாரும் பேசி நான் கேட்டதில்ல. திறந்த கதவெல்லாம் அழைப்புன்னும் சொல்ல முடியாது, அடைச்ச கதவெல்லாம் பிசாசுன்னும் சொல்ல முடியாது. நம்ம கன்வென்ஷன்ல ரெண்டையும் எவ்வளவு சுளுவா சொல்லிடுறோம்.

சாயங்காலம் கஞ்சி வைக்கும்போது வீட்டுல மொத தடவையா வாயத் திறந்தா. "என்னங்க, தரிசனம் பவுலு ஒருத்தருக்குத்தான் வந்துச்சு, ஆனா கூட இருந்தவங்களும் சேந்துதான முடிவு பண்ணிப் புறப்பட்டாங்க? நீங்க இந்த ஜனங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" மகளுக்காகப் போகலாம்னு சொல்லுவான்னு நான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. தண்டாவுக்கு இதுதான் பெரிய பண்டிகை. போன ஹோலிக்கப்புறம் ஆம்பளப் புள்ள பிறந்த வீட்டுல தூந்த்னு ஒரு சடங்கு செய்வாங்க. விசுவாசி குடும்பம் ஒண்ணுல கைக்குழந்தை இருக்கு. சடங்கு செய்யாட்டி சொந்தம் முறியும், செஞ்சா சபையில கேள்வி வரும். எங்கிட்ட வருவாங்கன்னு காத்துருந்தேன், வரல. சபை மூப்பரு, லம்பாடி பெரியவரு, அவரே தண்டாத் தலைவர் நாயக்கப் போயிப் பாத்து, புள்ளைக்கு ஆசீர்வாதந்தான வேணும், எங்க ஆண்டவர் பேரால கேக்குறோம், எல்லாரும் வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டுட்டாரு. லம்பாடியிலயே ஜெபம், லம்பாடியிலயே பாட்டு. தாய்மாமன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தவரு சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. நான் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு இந்த யோசன வந்துருக்காது.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனைக்கப்புறம் லெட்டர் விஷயத்த எல்லார்கிட்டயும் சொன்னேன். பொம்பளைங்க அழுதாங்க. மூப்பரு ரொம்ப நேரம் தரையப் பாத்துக்கிட்டு இருந்துட்டு சொன்னாரு, "ஐயகாரு, நீங்க இங்க இருக்கிறவரைக்கும் வியாதிக்காரனுக்கு ஜெபிக்க உங்களத்தான் கூப்பிடுவாங்க, என்னக் கூப்பிட மாட்டாங்க. அதுக்காக ஊருக்குப் போயிடாதீங்க. எம்பொண்ணக் கட்டிக்குடுத்த தண்டா பக்கம் ஒருத்தரும் இன்னும் போகல. நானும் பையனும் போயிப் பேசி வைக்கிறோம்."

1910ல எடின்பரோ மாநாட்டுல அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளப் பாத்து எங்களுக்கு நண்பர்களக் குடுங்கன்னு கேட்டாரு. இங்க தமிழங்க நாங்களும் ஒருவகையில தொரமாருதான். நான் முன்னால உக்காந்துருக்கிற வரைக்கும் அவரு பின்னாலதான் உக்காருவாரு. அவரு பேசி முடிச்சப்ப வீட்டுல என்னப் பாத்தா, தலைய ஆட்டுனா. போன மாசத்துல இருந்து வராத சமாதானம் அப்ப வந்துச்சு.

மார்ச் 22, சனி

சங்கத்துக்குப் பதில் எழுதிட்டேன். இந்த சபைய ஜூனுக்குள்ள மூப்பர் கையில ஒப்படைக்கிறேன், ஆபீசுக்குப் பதிலா அந்தப் பக்கத்துத் தண்டாக்களுக்குப் போக அனுமதி வேணும்னு கேட்டுருக்கேன். செயலாளர் அண்ணன் போன்ல பொறுமையா கேட்டுட்டு, ஏப்ரல் கமிட்டியில வைக்கிறேன், கமிட்டி ஆபீசுக்குத்தான் வரணும்னு சொன்னா வருவீங்களான்னு கேட்டாங்க. வருவேண்ணேன்னேன், மனசோடதான் சொன்னேன்.

அம்மாட்ட நான் பேசல, வீட்டுல பேசுனா. அம்மா கொஞ்சம் அழுதாங்களாம், அப்புறம் அந்தத் தண்டா பேரு என்னன்னு கேட்டு ஜெபக்குறிப்புல எழுதச் சொன்னாங்களாம். மகளுக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை ஆரம்பம். அவளுக்காகவும் கமிட்டிக்காகவும் ஜெபிச்சுக்கோங்க. மூப்பரோட பையன் திங்கட்கிழமையில இருந்து தினம் ஒரு மணி நேரம் எனக்கு லம்பாடி சொல்லித் தர்றேன்னுருக்கான்.