இசட் கொடியின் நடுப்புள்ளி ஐந்தாம் முறையில் சேர்ந்தது

கப்பல்கள் செய்தி சொல்ல ஏற்றும் சமிக்ஞைக் கொடிகளை ஒவ்வொன்றாகத் தைத்து வருகிறேன். நேற்று மாலை அவற்றில் இசட் (Z) கொடியின் நான்கு முக்கோணங்களும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிட்டன. கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டை மாடியில், ஆடிக் காற்றில் ஒரு மணி நேரம் பறக்கவிட்டு, இறக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது. சுருக்கமும் இல்லை, புடைப்பும் இல்லை. இதோடு ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக உள்ள எழுத்துக் கொடிகள் 26-ம் முடிந்தன. எண்களுக்கு 10, ஏற்கெனவே ஏற்றிய கொடியைத் திரும்பக் காட்டும் மாற்றுக் கொடிகள் 3, செய்தி கிடைத்தது என்று சொல்லும் பதில் கொடி 1 தைத்துவிட்டால் 40 கொண்ட முழுத் தொகுப்பு.

மற்றவை இவ்வளவு படுத்தவில்லை. க்யூ வெறும் மஞ்சள் துணி; ஓரம் மடித்தால் முடிந்தது. 'என் கப்பலில் நோயில்லை, துறைமுகத்துக்குள் வர அனுமதி வேண்டும்' என்பது அதன் பொருள். நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள பி (P) கொடிக்கு, வெள்ளையை மேலே வைத்துத் தைத்துவிட்டுப் பின்பக்க நீலத்தை வெட்டி எடுத்தால் போதும். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "சித்தப்பா, துறைமுகத்தில் இதை ஏற்றினால் கரையில் சுற்றுகிற எல்லோரும் கப்பலுக்கு ஓடி வர வேண்டும், புறப்படப் போகிறோம் என்று அர்த்தம்" என்றான். அவன் அடுத்த விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் மாடியில் அதைத்தான் ஏற்றப் போகிறேன்.

இசட் கதை வேறு. மேலே மஞ்சள், கம்பப் பக்கம் கறுப்பு, எதிரே நீலம், கீழே சிவப்பு. முக்கோணத்தின் வெளி ஓரத்தைத் துணியின் நீள இழையான பாவுக்கோ குறுக்கிழையான ஊடைக்கோ நேராக வைத்து வெட்டினால், உள்ளே சேரும் இரண்டு ஓரங்களும் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, விழுகின்றன. கிராஸ் துணி கை பட்டாலே நீளும். மாற்றி வெட்டினால் வெளி ஓரம் கிராஸாகி, காற்றில் நீண்டு தொங்கும். கொடிக்கு அது கூடவே கூடாது.

முதல் முறை நான்கையும் வரிசையாகச் சேர்த்தேன். நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஓட்டை. இரண்டாம் முறை இரண்டிரண்டாகத் தைத்துப் பிறகு இணைத்தேன். நடுப்பகுதி அப்பளம்போல் உப்பிக்கொண்டது. மூன்றாம் முறை, வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கெட்டியாகச் சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைத்துத் தேய்த்தேன். உப்பல் நின்றது. ஆனால் ஓரம் உள்ளே மறையும்படி இரட்டைத் தையல் போட்டிருந்ததால், மடிப்புகள் எல்லாம் நடுவில் குவிந்து ஊசி உடைந்தது. நான்காவதிலும் உடைந்தது.

தீர்வு மடிப்பின் திசையில் இருந்தது. மஞ்சள்–கறுப்புப் பாதியில் மடிப்பைக் கறுப்புப் பக்கமும், நீலம்–சிவப்புப் பாதியில் நீலப் பக்கமும் சாய்த்தேன். இரண்டு பாதிகளையும் எதிரெதிரே வைத்தால் ஒரு மடிப்பின் பள்ளத்தில் மற்றது உட்கார்ந்துகொள்கிறது. மஞ்சளின் பின்னால் இருண்ட துணி நிழலாகத் தெரிவதும் இல்லை. நீளத் தையலை ஓரத்தில் தொடங்காமல், முதலில் நடுவில் கையால் நூலோட்டி நிறுத்திவிட்டு, அங்கிருந்து இரு பக்கமும் வெளிநோக்கித் தைத்தேன். நீளுகிற துணி ஓரத்துக்குப் போய்விடும், அங்கே வெட்டிக்கொள்ளலாம். நடுவில் துருத்தும் காதுகளை நறுக்கி, 16-ஆம் எண் ஊசி போட்டு, புள்ளியைக் கடக்கும் ஓர் அங்குலத்துக்கு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். இஸ்திரிப் பெட்டியை இழுக்கவே கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும்.

இத்தனை பாடு இதற்குத் தகும். இன்று இசட் ஏற்றினால் 'இழுவைப் படகு தேவை' என்று பொருள். ஆனால் 1905-இல் ரஷ்யாவோடு நடந்த சுஷிமா கடற்போரில் ஜப்பானியத் தளபதி டோகோ தன் 'மிகாசா' கப்பலில் ஏற்றியது இந்தக் கொடியைத்தான்.

துணியைப் பற்றி ஒரு புலம்பல். உள்ளூரில் வாங்கிய சிவப்புப் பாப்ளின், சாயம் போகாது என்று சத்தியம் செய்து கொடுக்கப்பட்டது. முதல் நனைப்பிலேயே யு கொடியின் வெள்ளைக் கட்டங்கள் ரோஜா நிறமாகிவிட்டன. மூன்று நாள் உழைப்பு, இன்னும் ஆறவில்லை. இப்போது ஈரோட்டிலிருந்துதான் எடுத்து வருகிறேன். அதையும் நம்புவதில்லை: ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாகத் தேய்த்துப் பார்த்த பிறகே கத்தரிக்கோல். கயிற்றில் மாட்டும் மரக்கட்டைகளைத் தெரிந்த தச்சர் வேப்பங்கட்டையில் கடைந்து தருகிறார். கனம், வழவழப்பு இரண்டும் அருமை.

எண் கொடிகளுக்கே இன்னும் துணி வெட்டவில்லை, அதற்குள் மனம் பட்டினப்பாலைக்குப் போய்விட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் வாதுக்கு அழைக்கும் அறிஞர்களின் கொடி, கப்பல் பாய்மரத்தின் மேல் ஆடும் கொடி, கள் விற்கும் இடத்துக் கொடி என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. அந்தக் கொடிகளையும் தைக்க வேண்டும். வாதுக் கொடிக்கு என்ன நிறம் வைப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

எண் கொடிகள் நுனி நோக்கிக் குறுகுபவை. காகிதத்தில் ஒன்று வெட்டிப் பார்த்தேன். சாய்ந்த இரண்டு ஓரங்களும் நேர் இழையில் நிற்கவில்லை. கஞ்சி மறுபடியும் காய்ச்ச வேண்டும்.