மார்கழிக் குறிப்பேடு: ஒரு சிக்குக் கோலம், ஐந்து வரி

டிசம்பர் 16, 2025, செவ்வாய். மார்கழி 1

விடியுமுன் வாசலில் ஒரு சிக்குக் கோலம், உள்ளே வந்ததும் நோட்டில் ஐந்து வரி. இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம். தை பிறக்கும்வரை இவ்வளவுதான். சும்மா கண்ணை மூடி உட்கார்ந்தால் பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர் என்று மனசு ஊர்சுற்றக் கிளம்பிவிடும். கைக்கு வேலை கொடுத்தால் அதுவும் கூடவே உட்காரும்.

மாவுக் கணக்கு: கடைக் கோலமாவு மூன்று பங்கு, பச்சரிசி மாவு ஒரு பங்கு. வெறும் கோலமாவு மணல்போல் ஒழுகி இழை தடித்துப்போகும். வெறும் அரிசி மாவு பனி ஈரத்தில் கட்டிதட்டி விரலிலேயே நின்றுவிடும். தண்ணீர் தெளித்த கையோடு கோலம் போட உட்காரக் கூடாது. ஈரம் மினுங்கும்போது மாவு கரைந்து பரவும். முழுக்கக் காய்ந்த தரையில் காற்று வாரிக்கொண்டு போகும். சிமெண்ட் வாசலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர வேண்டும், நனையக் கூடாது. அதுதான் பதம்.

டிசம்பர் 18, வியாழன்

பழகுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றுக்கு மூன்று புள்ளியில் ஆரம்பிக்கிறார்கள். அதில் கோடு மூன்று தனி வளையங்களாக மூடிக்கொள்ளும். இரண்டு முறை கையெடுத்து மறுபடி தொடங்க வேண்டும், கவனமும் இரண்டு முறை அறுபடும். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்தால் மொத்தக் கோலமும் ஒரே இழை. விதி இதுதான்: அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடும் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிற கோலத்தில், வரிசைக்கணக்கு இரண்டையும் மீதியின்றி வகுக்கும் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. நான்குக்கு ஐந்து வைத்தால் ஒன்று.

புள்ளிக்குப் புள்ளி நாலு விரற்கடை இடைவெளி போதும். கோடு ஓரத்துப் புள்ளியைச் சுற்றித் திரும்பும். உள்ளே வந்தால் திரும்பாது, நேரே வெட்டிக்கொண்டு போகும். தப்பு நடப்பது பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்ளே நுழையும் முதல் இடத்தில்தான். வெட்ட வேண்டிய இடத்தில் கை பழக்கதோஷத்தில் வளைந்துவிடும். பாதியில் சந்தேகம் வந்தால் அழிக்காமல் முடித்துவிட்டு வெட்டுகளை எண்ணுங்கள். மூன்றுக்கு நான்கில் 17 இருக்க வேண்டும். 16 வந்தால் எங்கோ ஓரிடத்தில் இரண்டு கோடும் வெட்டாமல் உரசிக்கொண்டு போயிருக்கின்றன. அந்த இடத்தைத் தேடுகிற இரண்டு நிமிடத்துக்கு ஈடாக எந்த மூச்சுப் பயிற்சியையும் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

மதுரை அருகே கீழக்குயில்குடி, சமணர் மலை. அய்யனார் கோயில் பக்கமிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. கல்வெட்டுகள் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. படித்தவர்கள் வாசித்துச் சொன்னால் பெரும்பாலானவை ஒரே வாய்ப்பாடு: இன்ன ஊர், இன்னார், ‘செய்வித்த திருமேனி’. பேர், ஊர், செய்த காரியம். உருகியது, நெகிழ்ந்தது எதுவும் கிடையாது.

வரைய வருகிறவர்களுக்கு: பக்கவாட்டில் சாய்வெயில் விழும் நேரம் பார்த்து வாருங்கள். உச்சிவெயிலில் புடைப்பு தட்டையாகிவிடும், கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. 2பி பென்சில் ஒன்று போதும். உருவத்தின் வெளிக்கோட்டை முதலில் போடாதீர்கள். நிழலை மட்டும் தீற்றுங்கள், உருவம் தானாக எழும். எழுத்தின்மேல் தாளை வைத்துக் கரியால் தேய்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

டிசம்பர் 25, வியாழன்

ஐந்து வரி எவை என்று கேட்கிறவர்களுக்கு. ஒன்று: மணி, பனி, தரை. இரண்டு: எத்தனை புள்ளி, கை எங்கே தவறியது. மூன்று: காதில் விழுந்த ஒரு சத்தம். நான்கு: திரும்பத் திரும்ப வந்த நினைப்பு. அதற்கு ஒரே ஒரு சொல்தான் அனுமதி. ‘கடன்’, ‘மாமியார்’, ‘முழங்கால்’, எதுவானாலும் விளக்கம் எழுதக் கூடாது. விளக்கம் எழுதினால் வழக்காடத் தொடங்கிவிடுவோம். ஐந்தாவது வரி காலி. ராத்திரி படுக்குமுன் தோன்றினால் நிரப்பலாம்.

‘அருமை’, ‘மனசு லேசாச்சு’ இரண்டுக்கும் தடை. அவற்றை எழுதினால், பத்து நாள் கழித்துப் புரட்டும்போது எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

இங்க் பேனா வேண்டாம். மலிவு நோட்டில் ஊறிப் பின்பக்கம் வந்துவிடும்.

ஜனவரி 3, 2026, சனி. திருவாதிரை

மீனாட்சி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. படம் வரைகிறவர்களுக்கு அது வரம்தான், பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்று கூட்டம் தள்ளும். கூட்டமில்லாத ஒருநாள் போய் வெள்ளியம்பல நடராசர் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வெளியே வந்து சித்திரை வீதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். முதலில் செங்குத்தாக ஒரு கோடு, அதன் அடியில் ஊன்றிய பாதம், பிறகு இடுப்பு, தலை. கைகள் கடைசியில்.

பலரும் இடது காலைத் தூக்கி வரைந்திருப்பார்கள். தில்லையிலும் காலண்டரிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய உருவம் அது. மதுரையில் கால் மாறி ஆடியவர். தூக்கியது வலது கால். எதிரே நின்று பார்த்தும் கை பழைய படத்தைத்தான் போடுகிறது. தப்பாக வந்த தாளைக் கிழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். அடுத்த முறை உள்ளே போகும்போது காலை மட்டும் பார்த்துவிட்டு வந்து, அதே தாளின் பின்பக்கத்தில் மறுபடி வரையலாம்.

ஜனவரி 8, வியாழன்

பனி கூடிவிட்டது, மாவு நமுக்கிறது. டப்பாவில் போடுமுன் வெறும் வாணலியில் அரிசி மாவை மட்டும் இரண்டு நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள். நிறம் மாறக் கூடாது. இன்று நான்குக்கு ஐந்து, 31 வெட்டு.