ரிச்மண்ட் அட்டை அரண்மனை: பதினாலு கோபுரமும் ஏறியாச்சு

மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ரிச்மண்ட் அரண்மனை மாடலில், போன ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கோபுரத்தையும் ஒட்டிவிட்டேன். அளவு 1:200. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் இருந்த இந்த அரண்மனையில் இன்று மிச்சமிருப்பது முன்வாசலும் அதை ஒட்டிய கொஞ்சம் கட்டடமும்தான். கட்டியவர் டியூடர் வம்சத்தின் முதல் அரசர் ஏழாம் ஹென்றி. 1509இல் அவர் இறந்ததும் இங்கேதான். 1603 மார்ச் 24இல் அந்த வம்சத்தின் கடைசி ஆளான முதலாம் எலிசபெத் இறந்ததும் இங்கேதான். அதனால்தான் வேறு அரண்மனையை விட்டு இதை எடுத்தேன்.

இடித்துப்போன கட்டடத்துக்கு அளவு எங்கே போய்த் தேட? 1562 வாக்கில் வின்கார்டே வரைந்த கோட்டோவியங்களும், 1638இல் ஹாலர் செதுக்கிய படமும் இருக்கின்றன. அழகான படங்கள், ஆனால் டேப் வைத்து அளக்க முடியாது. கைகொடுத்தது ஒரு விற்பனைக் கணக்கு. 1649இல் அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு, நாடாளுமன்றம் அரண்மனையை விற்க முடிவெடுத்து ஒவ்வொரு கட்டடமாகக் குறித்துவைத்தது. பெரிய கூடம் 100 அடி நீளம், 40 அடி அகலம். அரச குடும்பத்தின் மாளிகை மூன்று மாடி, கோபுரங்கள் பதினாலு. கூடம் என் மேசையில் 15.2க்கு 6.1 சென்டிமீட்டராக உட்கார்ந்தது. விற்றுத் தள்ளக் கணக்கெழுதியவர்கள்தான் எனக்கு மேஸ்திரி.

சுவர்கள் ஐவரி போர்டு என்ற கெட்டி அட்டை, அதில் சிக்கல் இல்லை. உயிரை வாங்கியது கோபுர உச்சியில் உள்ள வெங்காய வடிவக் கும்மட்டம். களிமண்ணில் செய்தேன், காய்ந்ததும் வெடித்தது. காகிதக் கூழில் செய்தேன், பதினாலும் பதினாலு தினுசாக வந்தன. கடைசியில் ஒரு பழைய மணிமாலையை அறுத்து, மர மணிகளைப் பாதியாகத் தேய்த்து, உச்சியில் குண்டூசி குத்தி, காற்றுகாட்டிக்குத் துளி தங்கப் பேப்பர் ஒட்டினேன். மாலை யாருடையது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

தேய்க்கிற வேலை அலுப்பானது. அந்த நேரத்தில் எலிசபெத்தின் கடைசி நாட்களைத்தான் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயது 69. கட்டிலுக்குப் போக மறுத்துத் தரையில் மெத்தைகளின் மேலேயே கிடந்தார். முடிசூட்டு மோதிரம் சதையில் புதைந்துவிட்டதால் அரத்தால் அறுத்து எடுத்தார்கள். நானும் கையில் அரத்தோடுதான் இருந்தேன், அந்த இடத்தில் சற்று நிறுத்தவேண்டி வந்தது.

வாசலை மட்டும் தனி அக்கறையோடு செய்தேன். அரசி இறந்ததும் யாரையும் வெளியே விடக்கூடாதென்று உத்தரவு. ராபர்ட் கேரி என்ற உறவினர், அண்ணன் வந்து காவலாளியிடம் பேசியதால் வெளியேறினார். 24ஆம் தேதி காலையே லண்டனில் குதிரை ஏறி, வழியில் விழுந்து தலையில் உதைபட்டு, 26ஆம் தேதி இரவே எடின்பரோ போய் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸிடம் செய்தி சொன்னார். ஏழாம் ஹென்றியின் மகள் வழிக் கொள்ளுப்பேரன் மகன் அந்த ஜேம்ஸ். என் மாடலில் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது ஆறு. அரசியின் உடலை இரவில் லண்டன் வொயிட்ஹால் அரண்மனைக்கு ஏற்றிப்போன படகையும் வைக்க ஆசை. ஐஸ் குச்சிகள் சேர்கின்றன.